என் ஈறும் அவருடைய மன்னிப்பும்

எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் கிடையாது. புகையிலை, பாக்கு, குட்கா, ஜர்தா எதுவும் என் வாயில் பட்டதில்லை. இதை எடுத்த எடுப்பிலேயே எழுதிவைக்க வேண்டிய நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது, மேல்வரிசை முன்பற்களுக்கு மேலே இருக்கும் ஒரு விரல் அகல ஈறு. ஒரு வருடத்துக்கும் மேலாக அது சிவந்து வீங்கிக் கிடந்தது. அது ஏன் சிவந்தது என்பதில் என்னைத் தவிர வேறு யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை.

போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கொடுக்கும் கவுன்டரில் எனக்கு வேலை. ஹட் பே, மாயாபந்தர் என்று கிளம்புகிற ஜனங்கள் என் ஜன்னலுக்கு வந்துதான் ஆகவேண்டும். கண்ணாடியில் ஓர் ஓட்டை, அந்தப் பக்கம் ஒரு வாய். பாதி வாய்களில் பான் ஊறிக்கொண்டிருக்கும். எச்சில் வழியாமல் இருக்க அண்ணாந்துகொண்டு, தொண்டைக்குள்ளிருந்து "ஹட் பே, கல் கா" என்பார்கள், நாளைக்கு டிக்கெட் வேண்டுமாம். போய்த் துப்பிவிட்டு வந்து பேசு என்று கையைக் காட்டுவேன். துப்பத் தொட்டி இருக்கிறது. அவர்களுக்குச் சுவர் மூலைதான் பிடிக்கும். வெள்ளையடித்த வாரமே மூலையெல்லாம் காவி ஏறிவிடும். சட்டை மடிப்புக் கலையாமல் வரும் ஆபீஸர்களும் இதில் சேர்த்தி. அந்தக் கூட்டத்தை நான் மனதார வெறுத்தேன். அதே கூட்டத்தில் என்னையும் ஒருத்தியாகச் சேர்த்துவிட்டார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

சேர்த்தவர்களில் முதல் ஆள் என் கணவர். திருச்சியிலிருந்து அரசாங்க வேலைக்காக இந்தத் தீவுக்கு வந்தவர். ரோடு, பாலம், ஜெட்டி என்று மேற்பார்வை பார்க்கும் இன்ஜினியர். ஹட் பேயில் வேலை பார்த்தபோது என்னைப் பார்த்தார், பிடித்துப்போனது, கட்டிக்கொண்டார். நான் அங்கே எண்ணெய்ப்பனைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவள். என் பெற்றோர் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டு, கடைசியில் அந்தத் தீவில் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். என் புகுந்த வீட்டில் எங்களுக்குப் பெயர் "தோட்டத்து ஆளுங்க." அப்படிப்பட்ட இடத்தில் பெண் எடுத்ததை ஒரு தியாகம் என்றே அங்கே சொல்வார்கள். என் கணவர் அதை மறுத்து நான் கேட்டதில்லை. தியாகிப் பட்டம் யாருக்குக் கசக்கும்?

என் அம்மா வெற்றிலை போடுவாள். மறைக்க ஒன்றும் இல்லை. புகையிலையும் சேர்த்துத்தான். பனங்குலை சுமக்கிற வேலையில் பசி தெரியாமல் இருக்க அதுதான் வழி என்று லயத்தில் எல்லோரும் போட்டார்கள். கடைசியில் அம்மாவின் கன்னத்துக்குள் ஒரு புண் வந்தது, ஆறவே இல்லை. வெறும் கஞ்சி பட்டாலே எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வரும். கப்பலில் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். அம்மா திரும்பி ஹட் பேக்குப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்த எவளும் புகையிலையைக் கையால்கூடத் தொடமாட்டாள். கல்யாணமான புதிதிலேயே இதைக் கணவரிடம் சொல்லியிருந்தேன். அவர் மண்டையில் அது எப்படிப் போய் உட்கார்ந்ததோ தெரியாது. அம்மாவுக்கு இருந்த பழக்கம் பெண்ணுக்கும் இருக்கும் என்றுதான் அவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

இங்கே அரசாங்க வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பல்வலி, மூட்டுவலி, கண்ணில் புரை, கழுத்தில் கட்டி எதுவானாலும் மெயின்லேண்டுக்கு லீவில் போகும் வருடம் வரை சேர்த்துவைப்பார்கள். போனதும் மொத்தமாகக் காட்டிவிட்டு வருவார்கள். இங்கே டாக்டர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் மெயின்லேண்டு டாக்டர் தும்மினாலும் அது வைத்தியம். அங்கிருந்து கொண்டுவந்த கருவேப்பிலைக்குக்கூட வாசம் அதிகம் என்று சொல்லும் ஜனங்கள் இவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் உடைந்த கடைவாய்ப் பல்லை ஒன்றரை வருடம் அப்படியே வைத்துக்கொண்டு ஒரு பக்கமாகவே மென்றார். கேட்டால், ஊருக்குப் போகத்தானே போகிறோம் என்பார்.

எனக்குச் சேர்த்துவைக்க ஒரு வியாதியும் இல்லாததால், போன இடத்தில் எனக்கென்று ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. என் கணவரின் அக்கா மகளுக்குத் திருச்சியில் கல்யாணம். போய் இறங்கிய அன்றே அந்த அக்கா, எனக்கு அண்ணி, என் முகத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன இது, பல்லெல்லாம் காவி ஏறிக் கெடக்கு? அங்க தண்ணி சரியில்லையா, இல்ல வேற ஏதாச்சுமா? வீடியோ எடுக்குறாங்கம்மா, சிரிச்சா எல்லாம் தெரியும்."

வேற ஏதாச்சுமா என்கிற இடத்தில் ஓர் இழுப்பு. டிக்கெட் கவுன்டரில் நாள் முழுக்க டீ குடிக்கிறவளின் பல் அப்படித்தான் இருக்கும். சொன்னேன். அண்ணி தலையை ஆட்டிக்கொண்டே போன் பண்ணி, தெருமுனையில் புதிதாகத் திறந்திருந்த பல் கிளினிக்கில் எனக்கு நேரம் வாங்கிவிட்டார்.

கண்ணாடிக் கதவு, ஏ.சி., சுவரில் பெரிய டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் சின்னப் பையன். புது மெஷின் வாங்கிய பூரிப்பு முகத்தில் அப்படியே தெரிந்தது. அந்த மெஷின் பொடி கலந்த தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும். முன்பல் கறையில் அவனுக்கு ஏதோ தனிப்பகை போல, அதே இடத்தில் அடித்துக்கொண்டே இருந்தான். பிறகு ரப்பர் சக்கரம் ஒன்றில் நறநறக்கும் பசையைத் தடவி ஈறோடு சேர்த்துத் தேய்த்தான். ரத்தம் வழிந்தது. கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன்.

"லைட்டா பிளீட் ஆகும் மேம். நார்மல்தான்" என்றான்.

மணலை வாயில் போட்டு மென்றதுபோல அன்று முழுக்க இருந்தது. வெளியே வந்ததும் அண்ணி என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "இப்பத்தான் மனுஷி மாதிரி இருக்க" என்றார். அவருக்கு அது பாராட்டு. கல்யாண வீடியோவில் எல்லா இடத்திலும் என் பல் பளபளவென்று இருக்கிறது. அண்ணி அதை வருகிறவர்களுக்கெல்லாம் தன் கைங்கரியமாகப் போட்டுக் காட்டினார்.

திரும்பி வந்து சில வாரங்கள் கழித்து ரசம் எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் முன்பற்களின் மேலே ஈறு ஓரமாக ஒரு சிவப்புப் பட்டை. உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், மென்மையான பிரஷ் வாங்கினேன், மிளகாயைக் குறைத்தேன். பட்டை மட்டும் போகவில்லை. பச்சைக் கறியின் நிறத்தில் அது பளிச்சென்று தெரிந்தது. கவுன்டரில் சிரிப்பதை நிறுத்தினேன். அங்கே சிரிக்க அப்படி ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

போர்ட் பிளேரிலேயே ஜங்லிகாட்டில் ஸ்கூட்டர் ஒர்க்ஷாப் ஒன்றுக்கு மேலே ஒரு பல் டாக்டர் இருக்கிறார். கணவர்தான் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் என் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். எவ்வளவு நாளாக இருக்கிறது, எங்கே எரிகிறது, ஒன்றும் கேட்கவில்லை.

"ஜர்தா காதே ஹைன், மேடம்?" புகையிலை போடுவீர்களா என்று.

"நஹி."

"குட்கா? சுபாரி?" பாக்காவது உண்டா என்று.

"குச் நஹி."

"ஸப் யஹி போல்தே ஹைன்" என்று சிரித்தார். எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்களாம். அவர் அந்தச் சிரிப்பை என் தலைக்கு மேலாக என் கணவருக்கு அனுப்பினார். கணவர் பதிலுக்குச் சிரித்தார். நான் வாயில் கருவியோடு மல்லாந்து கிடந்தேன். என் ஈறைப் பற்றி இரண்டு ஆம்பிளைகள் சிரிப்பிலேயே ஒரு முடிவுக்கு வந்ததை அங்கிருந்தபடி பார்த்தேன்.

வைத்தியம் என்னவென்றால், நன்றாகச் சுரண்டிச் சுத்தம் செய்து, மேலே பாலிஷ் போடுவது. மறுபடியும் அதே ரப்பர் சக்கரம், அதே நறநற. சிவப்பு கூடியது. கூடியதால் மறுபடி போனோம். மறுபடி சுத்தம், மறுபடி பாலிஷ். ஒவ்வொரு தடவையும் டாக்டர் என் கணவரைப் பார்த்து, "பந்த் கியா?" என்று கேட்பார். நிறுத்திவிட்டாளா என்று. கேள்வி என்னைப் பற்றியது, பதில் அவருடையது. அவர் "கோஷிஷ் கர் ரஹீ ஹை" என்பார். முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிறாளாம்!

அதற்குப் பிறகு வீட்டில் துப்பறியும் வேலை தொடங்கியது. நான் குளிக்கும்போது கைப்பை திறந்து மூடும் சத்தம் கேட்கும். நான் ஆபீஸிலிருந்து வந்தவுடன் பக்கத்தில் வந்து நின்று மூச்சை இழுப்பார். ஆசையாக வருகிறார் என்று முதலில் நினைத்துத் தொலைத்தேன். ஒருநாள் பையின் மூலையில் கிடந்த சின்னப் பாக்கெட் ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்திருந்தார். ஓட்டலில் பில்லோடு கொடுத்த சர்க்கரைச் சோம்பு. நான் பிரித்து அவர் கண் முன்னாலேயே வாயில் கொட்டிக்கொண்டேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பேசினார்.

"இங்க பாரு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். உங்க பக்கத்துல பழக்கம்தான், எனக்குத் தெரியாதா? சின்ன வயசுலேர்ந்து பார்த்து வளந்தது, சட்டுனு விடாது. நான் உன்னை மன்னிச்சாச்சு. நீ ஒத்துக்கிட்டா போதும்."

செய்யாத குற்றத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பு! என்னைப் பார்த்து இதைவிடக் கேவலமாக யாரும் எதுவும் சொன்னதில்லை. தோட்டத்து ஆளுங்க என்று அவர் வீட்டார் சொன்னபோதுகூட எனக்கு இப்படிப் பற்றி எரியவில்லை.

"எனக்கு உங்க மன்னிப்பு வேணாங்க" என்றேன். "உங்க வாயால ஒரே ஒரு தரம் சொல்லுங்க, நீ போடலைன்னு. அது போதும்."

"சரி சரி, போடலை. விடு" என்றார், அடம் பிடிக்கும் பிள்ளைக்குச் சொல்கிற குரலில்.

அது இல்லை நான் கேட்டது. அவருக்கும் தெரியும். ஈறு ஆறுகிறதோ இல்லையோ, அந்த ஒரு வார்த்தையை இந்த மனுஷனிடமிருந்து வாங்காமல் விடுவதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

விஷயம் திருச்சிக்கும் போயிற்று. அண்ணி வாய்ஸ் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தார். நல்லெண்ணெய் கொப்பளிக்கச் சொல்லு, கிராம்பு மெல்லச் சொல்லு, கெட்ட பழக்கம் ஒரே நாளில் போகாது தம்பி, அதட்டாதே, பக்குவமாகச் சொல்லு. கணவர் அதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார், நான் அடுக்களையில் பாத்திரத்தை உருட்டுவேன்.

அடுத்த தடவை ஜங்லிகாட் டாக்டர் பாலிஷ் போட்டு முடித்துவிட்டு, இப்படியே விட்டால் கேன்சர் ஆகலாம் என்றார். அதையும் என் கணவரிடம்தான் சொன்னார். நான் பயந்தேன். அதுவரை எனக்குக் கோபம்தான் இருந்தது. அன்றுதான் அம்மாவின் கன்னம் ஞாபகம் வந்தது. வாழ்நாள் முழுக்க எதைத் தொடாமல் இருந்தேனோ, அதற்கான தண்டனை மட்டும் என்னைத் தேடி வந்துவிட்டதா? செத்தாலும் இவர்கள், பார்த்தீர்களா, சொன்னோமே என்பார்கள். அந்த நினைப்பில் எனக்கு அழுகை வந்தது.

அடுத்த நாள் கவுன்டருக்கு லீவு சொல்லிவிட்டுத் தனியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பல் பிரிவில் இருந்த டாக்டரம்மா இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த தெலுங்குப் பெண். தேவதை என்று நினைத்துவிட வேண்டாம்; காதில் போனை இடுக்கிக்கொண்டே என் உதட்டைத் தூக்கினாள். நான் முந்திக்கொண்டு, எனக்கு எந்தப் பழக்கமும் இல்லை, நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி என்று ஹிந்தியில் கத்தினேன். அவள் போனை அணைத்தாள்.

"நம்புறது என் வேலை இல்லை. வெட்டிப் பார்க்குறதுதான் என் வேலை" என்றாள், அதே ஹிந்தியில்.

அந்த ஒன்றரை வருடத்தில் என்னிடம் யாரும் பேசிய உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். மரத்துப்போக ஊசி போட்டு, சிவந்த இடத்திலிருந்து கொத்தமல்லி விதை அளவு சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்ததும் கூப்பிடுகிறேன் என்றாள்.

கூப்பிட்ட அன்று கணவரையும் இழுத்துக்கொண்டு போனேன். எந்த வார்த்தை வந்தாலும் அவர் காதிலும் விழட்டும் என்று இருந்தது. டாக்டரம்மா தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். மைக்ராஸ்கோப்பில் எடுத்தது. இளஞ்சிவப்புச் சதைக்குள் கறுப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ தெரிந்தது.

"கல்லுத் தூள்" என்றாள். "பல்லுக்குப் பாலிஷ் போடுற பசையில இருக்குறது. ஈறு கிழிஞ்சிருந்த இடத்துல உள்ள போய்ப் புதைஞ்சிருக்கு. உடம்பு அதை வெளிய தள்ளப் பார்க்குது, முடியலை. அதான் சிவப்பு. மேல எவ்வளவு சுத்தம் பண்ணினாலும் போகாது. பாலிஷ் எப்ப போட்டீங்க?"

நான் கணவரையே பார்த்தேன்.

"திருச்சியில... ஒரு கல்யாணத்துக்கு முன்னாடி" என்றார் அவர்.

"அப்புறம்?"

"இங்க ஜங்லிகாட்ல."

"இருக்குற தூள் போதாதுன்னு மறுபடி மறுபடி ஏத்தியிருக்கீங்க" என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் விடவில்லை, தம்பாகூவால் இது வந்திருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டார். புகையிலைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கேன்சரும் இல்லை, அந்தச் சதையை வெட்டி எடுத்துவிட்டு அண்ணத்திலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்துத் தைத்தால் சரியாகிவிடும் என்று அவள் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அவர் நன்றாகத் தலையாட்டினார்.

நான் காத்திருந்தேன். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் காத்திருந்தேன், ஸ்கூட்டரில் அவர் முதுகுக்குப் பின்னால் காத்திருந்தேன். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"தேங்காய் வாங்கணும்னியே, மறந்துட்டோம் பாரு" என்றார்.

ஆபரேஷன் நடந்தது. சிவந்த ஈறை வெட்டி எடுத்தார்கள், அண்ணத்தில் சதை எடுத்த இடம்தான் அதிகமாக வலித்தது. ஆறிய கஞ்சியும் மோர்சாதமுமாகச் சில வாரங்கள் ஓடின. அவர் பாத்திரம் தேய்த்தார், துணி காயப்போட்டார். குறை சொல்ல முடியாது. தப்பு செய்த மனைவியை இப்படித் தாங்குகிற ஆம்பிளை வேறு யார் என்ற நினைப்பு அவர் முகத்தில் இருந்ததாக எனக்குத் தோன்றியது. சும்மா சந்தேகப்படுகிறேனோ என்றும் நினைத்துக்கொண்டேன்.

தையல் கரைந்து, ஈறு பழைய நிறத்துக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் வராந்தாவில் உட்கார்ந்து அக்காவோடு பேசிக்கொண்டிருந்தார். வழக்கம்போல ஸ்பீக்கர். நான் அடை மாவில் வெங்காயம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இப்ப நல்லா இருக்காக்கா. ஈறெல்லாம் ரோஸ் கலர்ல, சின்னப் புள்ளைங்களுக்கு இருக்குற மாதிரி... ஆமா, விட்டுட்டா. ஒரேயடியா விட்டுட்டா. நான் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசலையே. பக்குவமா எடுத்துச் சொன்னேன், புரிஞ்சுக்கிட்டா."

"நீ தங்கம்டா" என்றது போன். "வேற எவனா இருந்தாலும் அன்னைக்கே கொண்டுபோய் விட்டிருப்பான்."

நான் மாவுக் கையோடு வராந்தாவுக்குப் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்ததும் போனைக் கையால் பொத்தினார்.

"அக்கா கூட்டிட்டுப் போன எடத்துலதான் ஆச்சுன்னு எப்படிச் சொல்றது? மனசு கஷ்டப்படும்ல" என்று கிசுகிசுத்தார். "உனக்குத்தான் சரியாயிடுச்சே. இதுல என்ன இருக்கு?"

அக்காவின் மனசு நோகக்கூடாது. அதற்காக நான் ஆயுசுக்கும் திருந்திய புகையிலைக்காரியாக இருந்துவிட வேண்டும். இவ்வளவுதான் அவர் கேட்டது. அந்த நிமிடம் அந்த மனுஷன்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. இவ்வளவு அற்பமான ஆளிடமா ஒரு வார்த்தைக்காக இத்தனை நாள் கையேந்தி நின்றோம் என்று இருந்தது. போனை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

"அண்ணி, அவரு உங்ககிட்ட மறைக்கிறாரு" என்றேன். "நான் ஒண்ணும் விடலை. காலையில எந்திரிச்சதும் ஒண்ணு, ஆபீஸ்ல ஒண்ணு, சாப்பிட்டதும் ஒண்ணு. கருப்புப் பொயிலை வெச்சுத்தான் போடுறேன். எங்க பக்கத்துப் பழக்கம் பாருங்க, போகமாட்டேங்குது."

இவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"அய்யோ, பொய்க்கா! அவ போடலைக்கா! ஒருநாளும் அவ அதைத் தொட்டதே இல்லக்கா, எனக்குத் தெரியாதா? அந்த டாக்டரே சொல்லிட்டாங்க!"

வந்துவிட்டது. நான் ஒன்றரை வருடமாகக் கேட்ட வார்த்தை, தெருவுக்கே கேட்கும்படி அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. இவ்வளவு நாளும் அது அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

"நீ எதுக்குடா அவளுக்காகப் பொய் சொல்ற?" என்றார் அண்ணி. "அவளே வாய்விட்டு ஒத்துக்கிட்டா. பாவம்டா நீ."

"இல்லக்கா, சத்தியமாக்கா, நான் சொல்றதைக் கேளு" என்று அவர் கெஞ்ச ஆரம்பித்தார். போனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனேன். முதல் அடை வெந்து, திருப்பிப் போட்டு, எண்ணெய் விட்டு எடுக்கும்வரை அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அண்ணி நம்பவில்லை.